இடியப்பத் தட்டில் அவித்த வால்கள்

வால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் தொழிற்சாலைக்கு இப்போது ஒரு கமெரா வந்திருக்கிறதாம். கோணல் வால் வந்தால் சிவப்பு வெளிச்சம் போட்டுக் கீச்சென்று கத்துமாம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. என் இடத்தில் இப்போது மேற்பார்வை பார்க்கிற கௌசி போன கிழமை தொலைபேசி எடுத்தாள்.

“யோகம் அக்கா, எங்கட ஆண்டு மலருக்கு நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தரவேணும். கமெரா இல்லாத காலத்திலை வாலை எப்பிடிப் பாத்தனீங்கள் எண்டு.”

“கண்ணாலைதான் பிள்ளை. வேறை என்னத்தாலை பாக்கிறது?”

“அதைத்தான் எழுதுங்கோவன்.”

எழுதுகிறேன். ஆனால் ஆண்டு மலர் என்றால் எல்லோரும் தங்கள் கெட்டித்தனத்தை எழுதுவார்கள். எனக்கு அந்தக் கண்ணால் வந்த கெட்டித்தனமும் உண்டு, வெட்கமும் உண்டு. இரண்டையும் போடுவதென்றால் போடு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு என்று கௌசியிடம் சொல்லிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் வேலையைச் சொல்கிறேன். நாங்கள் செய்தது வெளிநாட்டில் தூண்டில் போடுகிறவர்களுக்கான பொய் இரை. அவர்கள் கறிக்காகப் பிடிக்கிறவர்கள் அல்லர். பிடித்த மீனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் விடுகிறவர்களாம். இதைக் கேட்டு என் கணவர் ஒரு கிழமை சிரித்தார். “விடுறதெண்டால் ஏன் பிடிப்பான்?” என்று கண்டாவளைச் சந்திவரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

இரைக்கு மூன்று பகுதி. முன்னுக்கு ஈயத்தில் ஒரு தலை, அதிலிருந்து பின்னால் வளைந்து போகிற தூண்டில் முள். தலையைச் சுற்றி மெல்லிய ரப்பர் நாரில் ஒரு குஞ்சம். அதற்கு நாங்கள் பாவாடை என்று பெயர் வைத்தோம். பாவாடைக்குப் பின்னால் தூண்டிலில் கோர்க்கிறதுதான் வால். விரல் நீளம் இருக்கும். கிள்ளினால் நசுங்கும், விட்டால் பழையபடி வரும். தண்ணீருக்குள் இந்த வால் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துத்தான் மீன் கடிக்கும். தலையும் பாவாடையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வால் கோணினால் முழு இரையும் தண்ணீருக்குள் பம்பரம் மாதிரிச் சுற்றும். சுற்றுகிற இரையை எந்த மீனும் நம்பாது.

நாங்கள் வேளாண்மைக் குடும்பம். அப்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயல் ஆக்கியவர். மீனை நான் சட்டிக்குள் மட்டுமே கண்டவள். சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரைத் தகரம் போட்ட கையோடு இந்த வேலை வந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பழைய நெற்களஞ்சியம் ஒன்றைத் திருத்தி வெள்ளை அடித்து, வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். முதல் நாள் எங்கள் மனேஜர் மாணிக்கம் சேர் முன்னுக்கு நின்று, “இன்னிக்கு ட்ரெயிலர் போடப் பழகுவோம்” என்றார். நாங்கள் அத்தனை பேரும் உழவு மெசின் பெட்டி எங்கே நிற்கிறது என்று வெளியே எட்டிப் பார்த்தோம். அன்றைக்கே அந்தச் சொல்லை விட்டுவிட்டு வால் என்று சொல்லப் பழகினோம். சேரும் பழகிவிட்டார். பழகுகிற மாதங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் விரலில் குத்திக்கொண்டோம், எல்லோரும் அழுதோம், பாதிப் பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

வேலை இதுதான். வாலை எடுத்துத் தூண்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். தூண்டில் வளைவு எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் வாலில் பெருவிரல் நகத்தால் ஒரு அடையாளம். பிறகு வாலின் மூக்கில், நட்ட நடுவில், தூண்டில் முனையை ஏற்ற வேண்டும். நூல் கோர்க்கிற மாதிரிக் குத்தித் தள்ளுவதல்ல. முனை வாலின் நடு முதுகெலும்பில் போவதாக நினைத்துக்கொண்டு, வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டிலுக்கு மேல் இழுத்து வர வேண்டும், காலுறை போடுகிற மாதிரி. நக அடையாளத்தில் முனையை வெளியே எடுக்க வேண்டும். அடையாளத்துக்கு முன்னால் எடுத்தால் வால் இழுபடும். தாண்டி எடுத்தால் கூனிப் போகும். கழுத்தில் ஒரு சொட்டுப் பசை. வாலில் அச்சுக் கோடு ஒன்று இருக்கும். அது நேரே மேலே பார்க்க வேண்டும். கடைசியாகத் தலையில் பிடித்துத் தூக்கி, கண்ணுக்கு நேரே தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். தொங்குகிற வால் நேரே நின்றால் பெட்டிக்குள். சரிந்தால் கழிவுக் கூடைக்குள்.

மாணிக்கம் சேரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல முடியாது. மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து குடியேறிய குடும்பம். கொழும்புப் பக்கத்தில் இதே வேலையைப் பல வருடம் செய்துவிட்டு வந்தவர். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு ஏற்றியே வைத்திருப்பார். எதைப் பார்ப்பதற்கு அது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கோபம் வந்து யாரும் கண்டதில்லை. பிழையான இரையைப் பிடித்தால், செய்தவளின் மேசையில், வால் அவளைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் திருந்தியிருக்க வேண்டும். ஏச்சு வாங்குவது இதைவிட லேசு.

களஞ்சியத்தின் பின்பக்கம் நீளமான சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டுவித்திருந்தார். பத்துக் காலடி நீளம் இருக்கும். ஒவ்வொரு நாள் காலையும் ஒவ்வொரு மேசையிலிருந்தும் மூன்று இரையை எடுத்து, குட்டித் தடி ஒன்றில் கட்டி, தொட்டி ஓரமாக நடந்து இழுத்துக்கொண்டு போவார். இரை தண்ணீருக்குள் நேரே வருகிறதா, சுற்றுகிறதா என்று பார்ப்பார். இது நல்லது, அது கூடாது என்று நாங்கள் எதையாவது வாதாடினால் ஒரே பதில்தான்.

“நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். தண்ணிகிட்ட கேப்போம்.”

ஒரு முறை எங்களை வான் வண்டியில் ஏற்றி இரணைமடு வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாங்கள் கோர்க்கிற சாமான் வேலை செய்கிறதைக் காணாதவர்களால் ஒழுங்காகக் கோர்க்க ஏலாது என்பது அவர் எண்ணம். என் கணவரும் தொற்றிக்கொண்டு வந்தார். “ரப்பர் தின்னுற மீன் எந்த ஊரிலை இருக்கு?” என்று வழியெல்லாம் நக்கல். வெளிநாட்டு மீனுக்கும் எங்கள் விராலுக்கும் ஒரே குணம் என்றார் சேர். பசிக்கு மட்டுமல்ல, கோபத்துக்கும் கடிக்குமாம். மூன்றாவது எறிவிலேயே ஒரு விரால் பாய்ந்து அடித்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரையில் நின்ற மாடுகள் ஓடின. சேர் அந்த விராலைத் திரும்பத் தண்ணீரில் விடப் போனார். என் கணவர் விடவில்லை. அது அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பாயிற்று. நான் மேற்பார்வையாளர் ஆனது அதற்குப் பிறகுதான். விராலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்புகிறேன்.

செல்வராணி வேலை கேட்டு வந்தது நான் மேற்பார்வையாளரான அடுத்த வருடம். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. ஷெல் துண்டு கொண்டுபோய்விட்டது. புருசன் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. தண்ணீரூற்றில் தாய் வீடு, இங்கே கண்டாவளையில் தமக்கையோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். அதற்கு முன் மூன்று இடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். மூன்று இடத்திலும் வாசற்படலையடியிலேயே கையைப் பார்த்துவிட்டு, ஆள் எடுத்து முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். சேர் கையைப் பார்க்கவில்லை. ஒரு தூண்டிலையும் ஒரு வாலையும் கொடுத்து, “போட்டுக் காட்டுங்க” என்றார்.

முதல் நாள் அவளால் ஏலவில்லை. வாலைப் பிடிக்க இடது கையில் விரல் காணாது. அடுத்த நாள் வரும்போது உடுப்புக் காயப்போடுகிற கௌவி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை மேசையில் ஆணி அடித்து இறுக்கி, தூண்டிலில் நூல் கட்டுகிற காதை அதற்குள் கடிக்கக் கொடுத்துவிட்டு, வலது கையால் வாலைத் தூண்டிலில் ஏற்றினாள். நாங்கள் எல்லோரும் தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கோர்ப்போம். பின்னேரமானால் கை நடுங்கும். அவளுடைய கௌவி நடுங்காது. ஆறு மாதத்தில் பாதி மேசைகளில் கௌவி முளைத்துவிட்டது. கழிவுக் கூடையில் ஆகக் குறைவாக வால் விழுந்தது அவளுடைய பதினோராம் மேசையில்தான். இதை ஒவ்வொரு மாதமும் என் கையால் எழுதியவள் நான். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

இனி இடியப்பத் தட்டுக்கு வருகிறேன்.

வால்கள் எங்களுக்குப் பைகளில் அடைத்துத்தான் வரும். வன்னி வெயிலில் லொறிக்குள் கிடந்து, ஒன்றின் மேல் ஒன்று நசிந்து, கால்வாசி வால்கள் வளைந்தே வந்து சேரும். வளைந்ததைக் கோர்க்கக்கூடாது, எறிய வேண்டும். எனக்கு எறிகிறதென்றால் வயிறு எரியும். ஒரு நாள் வளைந்த வால் ஒன்றைச் சும்மா சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இளகி நேரே வந்தது. அப்படியென்றால் அவிக்கலாமே என்று தோன்றியது. கிளிநொச்சிச் சந்தையில் புது இடியப்பத் தட்டு பன்னிரண்டு வாங்கி வந்தேன், பிளாஸ்ரிக் தட்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து தொழிற்சாலைக் குசினி அடுப்பு சும்மா கிடக்கிற நேரம், வால்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி, இடியப்பம் மாதிரியே பானையில் ஏற்றி ஒரு அவி. இறக்கி, தட்டோடு குளிர்ந்த தண்ணீரில் ஒரு அமுக்கு. வால்கள் கோடு போட்ட மாதிரி நிமிர்ந்து கிடந்தன.

சேர் வந்து பார்த்தார். நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப நெற்றியிலேயே போட்டுக்கொண்டார். நாலு வாலைக் கோர்க்கச் சொல்லித் தொட்டியில் இழுத்தார். நாலும் நேரே வந்தன.

“அம்மா, இத நாங்க இருவது வருசமா தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தோம்” என்றார்.

அன்றைக்கு எனக்கு நிலத்தில் கால் படவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று தரம் சொன்னேன். “சரி, இனி ரப்பருக்குச் சம்பலும் இடிச்சுக் குடு” என்றார் கணவர்.

அவித்த வால் கொஞ்சம் மென்மையாக இருக்கும், தூண்டிலில் வழுக்கிக்கொண்டு ஏறும். அதனால் அதைச் செல்வராணிக்கே கொடுத்தேன்.

“எனக்கு மற்ற வாலே போதும் அக்கா” என்றாள் அவள்.

“கிடக்கட்டும் பிள்ளை. உன்ரை கைக்கு இது லேசு.”

நான் ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, வெளிநாட்டுக்குப் போன பெட்டிகளில் இருந்து சிலவற்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரை சுற்றுகிறது என்று ஒரு வரிக் கடிதம். பெட்டியில் மேசை இலக்கம் ஒட்டியிருக்கும். திரும்பி வந்த பெட்டி எல்லாவற்றிலும் பதினொன்று.

சேர் எல்லோரையும் தொட்டியடிக்குக் கூப்பிட்டார். பெட்டியை உடைத்து ஒரு இரையை எடுத்துத் தொங்கவிட்டுக் காட்டினார். வால் நேரே நின்றது. ஒரு குறையும் சொல்ல ஏலாது. பிறகு தடியில் கட்டித் தொட்டியில் இழுத்தார். இரை பக்கவாட்டில் சரிந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி.

“ஏன் இப்பிடி?” என்றார் சேர். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மேற்பார்வையாளர் நான், பதில் என்னிடமிருந்துதான் வர வேண்டும். எனக்குப் பதில் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயே திறக்காமல் கெட்டேன். தலையைத் திருப்பிச் செல்வராணியின் இடது கையைப் பார்த்தேன்.

ஒரு கணம்தான் இருக்கும். நான் பார்த்தது எங்கே என்று நின்ற நாற்பது பேரும் பார்த்தார்கள். செல்வராணி கையை மெல்ல மடித்து, போட்டிருந்த வேலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். சேர் மட்டும் பார்க்கவில்லை. “பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தடியைச் சுற்றி வைத்தார்.

வெள்ளிக்கிழமை செல்வராணி வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. தமக்கையிடம் கேட்டோம், மகளையும் கூட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போய்விட்டாளாம், இனி வரமாட்டாளாம். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளாகவே போய்விட்டாள், யாரும் நிறுத்தவில்லை, விசயம் முடிந்தது. பதினோராம் மேசைக்குப் புது ஆள் எடுக்கப் பெயர்ப் பட்டியலையும் எடுத்துவைத்தேன். இதை எழுதுகிறபோது கூட எனக்குக் கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இடியப்பம். கணவர் ஒரு இடியப்பத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னப்பா இது, இடியப்பம் கிண்ணி மாதிரி வளைஞ்சு கிடக்கு? சொதியை இதுக்குள்ளேயே விடலாம் போலை.”

“தட்டு பழசாப் போச்சு. அவிச்சு அவிச்சு நடு இறங்கிட்டுது” என்றேன்.

சொல்லி முடித்ததும் தொழிற்சாலைத் தட்டுகள் நினைவுக்கு வந்தன. தட்டை அடுப்புக் கட்டில் வைத்துக் குனிந்து பார்த்தேன். நடு ஒரு நூலளவு கீழே இறங்கியிருந்தது. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தரம் அவிக்கிற தட்டுக்கே இந்தக் கதி. தொழிற்சாலையில் நாங்கள் ஒவ்வொரு மத்தியானமும் பத்துத் தரம் அவிக்கிறோம்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்க் குசினியைத் திறந்தேன். பன்னிரண்டு தட்டும் நடு தாழ்ந்து கிடந்தன. அதில் படுத்து அவிந்து அதிலேயே ஆறுகிற வால், தட்டின் வளைவைத்தான் வாங்கிக்கொள்ளும். கொஞ்ச வளைவுதான். காற்றில் தொங்கவிட்டால் வாலின் பாரம் அதை இழுத்து நேராக்கிவிடும்; எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. தண்ணீருக்குள் போனதும் பாரம் இல்லை, வளைவு வந்துவிடும். காலையில் சேர் தொட்டியில் இழுத்துப் பார்த்த இரைகள் முதல் நாள் மத்தியானத்துக்கு முன் கோர்த்தவை. அவித்த வால்கள் மத்தியானத்துக்குப் பின்தான் மேசைக்குப் போகும், பின்னேரமே பெட்டியில் அடைபட்டுவிடும். அதனால் இவ்வளவு காலமும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவித்த வால் பதினோராம் மேசைக்குத்தான் போகும் என்பது எனக்கும் செல்வராணிக்கும் மட்டும்தான் தெரியும்.

தட்டையும் வாலையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு அவித்த வாலையும் ஒரு அவிக்காத வாலையும் என் கையாலேயே கோர்க்கச் சொன்னார். இரண்டு முழுக் கை, பத்து விரல். தொட்டியில் இழுத்தார். அவித்தது சுற்றியது.

“சரி, தண்ணி சொல்லிருச்சு” என்றார்.

“என்ரை பிழைதான் சேர். என்ன செய்யிறதெண்டாலும் செய்யுங்கோ.”

“அந்தத் தட்ட நானுந்தான் பாத்தேன். பாத்துட்டு நல்லாருக்குன்னேன். அத விடுங்க. ஆனா, என்கிட்ட வந்து சொல்லி என்னாம்மா செய்ய? வேலய விட்டுட்டு வீட்டுக்குப் போனது நான் இல்லியே.”

அதைச் சொல்லிவிட்டு, சுற்றிய இரையை வால் என்னைப் பார்க்கிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பரந்தனில் பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முற்றத்து மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து, செல்வராணி விதைக்கென்று கச்சான் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். கதிரை கொண்டுவந்து போட்டாள். தாய் தேத்தண்ணி வைக்கப் போனார்.

“சேர் அனுப்பினவரோ அக்கா?”

“இல்லை. நானாத்தான் வந்தனான்.”

தட்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். வீட்டு இடியப்பம், நடு தாழ்ந்த தட்டு, தொட்டியில் சுற்றிய வால், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் சொதி விடலாம் என்று சொன்ன இடத்தில் சிரித்தும் விட்டாள். எனக்குப் பெரிய ஆறுதல்.

“அப்ப பிழை வாலிலைதான்” என்றாள்.

“ஓம் பிள்ளை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. நாளைக்கே வா. மேசை அப்பிடியே கிடக்கு.”

அவள் ஒரு பிடி கச்சானை அள்ளி, சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.

“நான் வாலுக்காகப் போகேல்லை அக்கா.”

“பின்னை?”

“சேர் ஏனெண்டு கேட்டவர். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை கையைப் பாத்தனீங்கள். நீங்கள் பாக்க எல்லாரும் பாத்தவை.” இன்னொரு பிடி கச்சானை அள்ளினாள். “அதுவும் பரவாயில்லை, எனக்குப் பழகிப்போச்சு. ஆனால் நீங்கள் பாத்த உடனை நானும் பாத்தனான் அக்கா. இந்தக் கைதானாக்கும் எண்டு நானும் நம்பிட்டன். ரெண்டு வருசமா ஒரு நாளும் அப்பிடி நினைக்காதனான்.”

பாடமாக்கியதெல்லாம் மறந்துபோய் எனக்கு அழுகைதான் வந்தது. தாய் தேத்தண்ணியோடு வந்து, நான் அழுவதைக் கண்டு, மகளைப் பார்த்தார். “அவா பஸ்ஸிலை வந்த களைப்பு அம்மா” என்றாள் செல்வராணி. அந்த இடத்திலும் என்னைக் காப்பாற்றியவள் அவள்தான்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

“நான் என்ன செய்யவேணும், சொல்லு.”

“எனக்குச் சொன்னதை அங்கை சொல்லுங்கோ. எல்லாரும் நிக்கேக்கை.”

“தட்டைப் பற்றியோ?”

“தட்டைப் பற்றியும்” என்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் வான் வண்டியில் வந்து இறங்கினாள். ஒருவரோடும் கதைக்காமல் போய்த் தன் மேசையில் இருந்தாள். வேலை தொடங்குவதற்கு முன் அன்றைய கணக்கைச் சொல்ல நான் எல்லோருக்கும் முன்னால் நிற்பது வழக்கம். அன்றைக்கு முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நடந்து போய்ப் பதினோராம் மேசையடியில், யன்னல் பக்கமாக நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேர் வாசலில் நின்றார்.

“திரும்பி வந்த பெட்டியளுக்குக் காரணம் நான் வாங்கின தட்டு” என்று தொடங்கினேன். அது லேசாக வந்தது. இடியப்பம் என்றதும் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் யாரும் என்னைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

“அது ஒரு பிழை. மற்றப் பிழை அதைவிடப் பெரிசு. தொட்டியடியிலை சேர் ஏனெண்டு கேட்கேக்கை எனக்கு விடை தெரியாது. தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நான் செல்வராணியின்ரை கையைப் பாத்தனான். இஞ்சை ஆகத் திறமாக் கோக்கிறது அந்தக் கைதான் எண்டு மாதாமாதம் எழுதினதும் நான்தான். தெரிஞ்சுகொண்டுதான் பாத்தனான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் நாற்பது பேரில் பொய்க்காலோடு வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஒரு கண்ணால் கோர்த்தவள் இருந்தாள். உடம்புக்குள் இன்னும் இரும்புத் துண்டோடு நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த வயதிலும் மறக்கவில்லை. ஏசின பார்வை அல்ல. எப்போதாவது தங்களையும் நான் அப்படிப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்த பார்வை. பார்த்திருப்பேன்.

செல்வராணி ஏற்கெனவே தூண்டிலின் காதைக் கௌவியில் கொடுத்து, வாலை அளந்து, நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

“அக்கா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறீங்கள்.”

நான் அரக்கி நின்றேன்.